கிள்ளான் ஆத்துல ஏழு முழுக்கு

அப்படி எழுதலாமா ராசா? அஞ்சு கேள்விய வரிசையாக் கேட்டுட்டு, "பதில் இருந்தா வாங்க பெரியம்மா, இல்லன்னா சனிக்கிழம ஆஸ்பத்திரி கேட்டுக்கு வராதீங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டியே. கீழ பேரு கூட போடல. நல்ல மனசா இருந்தா தேவசகாயம்னு முழுசா எழுதுவ, அவசரம்னா சகாயம்னு எழுதுவ. இந்தத் தடவ அந்த இடம் வெறுமனே கெடக்கு. தாளத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். என் மேல உள்ள கோவத்துல விட்டியா, இல்ல அதுக்கு மேல விரல்ல பேனா நிக்கலையா, எதுன்னு தெரியாம நாலு நாளா சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வச்சிட்டு எந்திரிக்கிறேன். கோவமாவே இருக்கட்டும் ஆண்டவரேன்னு வேண்டிக்கிட்டேன். பாரு, பிள்ள வளத்தவ எதுக்கெல்லாம் ஜெபம் பண்ண வேண்டியிருக்கு.

தபால்காரன் உன் கடுதாசியக் குடுத்தப்ப அடுத்த கோட்டர்ஸ் ரோசம்மா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. தாளப் பிரிச்சதுமே ஆஸ்பத்திரி மருந்து வாசன. "அக்கா, சுங்கை பூலோ கடுதாசியா? படிச்சதும் அடுப்புல போட்டுட்டு சவுக்காரம் போட்டுக் கையக் கழுவிருங்க"ன்னா. நல்லதுக்குத்தான் சொன்னா, பாவம். நான் அத மடிச்சு வேதப்புத்தகத்துக்குள்ள வச்சேன். அதுக்கப்புறம் ரெண்டு நாளா அவ புளி கேட்டு வரல. உன் பெரியப்பா யார்டுலேருந்து வந்து, ரயில் வெளக்கக் கீழ வச்சிட்டு, அந்த உடுப்போடயே உக்காந்து ரெண்டு தடவ படிச்சாரு. நான் பக்கத்துல நின்னு, "எந்த வசனத்த எழுதுறதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன்"னேன். "அவனுக்கு வசனம் அனுப்பாத. பனியன் அனுப்பு"ன்னாரு. அவ்வளவுதான். எந்திரிச்சு குளிக்கப் போயிட்டாரு. கொழாய்த் தண்ணி ரொம்ப நேரம் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

பனியன் ரெண்டு வாங்கி வச்சிருக்கேன். ஆனா எழுதாம இருக்க என்னால முடியுமா? நீயே சொல்லு. அதனால எழுதுறேன். இத நீ மட்டும் படிக்காத, சத்தமாப் படி. ஆஸ்பத்திரிக்குள்ள உன்கூட ஒரே வீட்டுல இருக்குற முத்தையா அண்ணனும் கேக்கட்டும். அஞ்சு கேள்வியில ரெண்டு அவரு கேட்டதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். கிள்ளான் பக்கம் ரப்பர்த் தோட்டத்துல பால் மரம் வெட்டிக்கிட்டிருந்த மனுஷன், மாரியாத்தாவத் தவிர வேற சாமி அறியாதவரு. "ஒங்க சாமி ஒரு வார்த்த சொன்னாலே சொஸ்தமாயிருமாமே, அப்ப அந்த ஒரு வார்த்தைய ஏன் தம்பி இன்னும் சொல்லல?" இது அவரு நாக்கு. "அவர நம்பாதவனெல்லாம் நரகமாமே, அங்கயும் நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வீடு கெடைக்குமா?" இதுவும் அவருதான். இந்த ரெண்டையும் படிச்சு நான் சிரிச்சிட்டேன், ஒளிப்பானேன். உன்னோட மூணும்தான் சிரிக்க விடல.

கேள்வின்னா எனக்கு எப்பப் பயம் இருந்துச்சு? ஊர்ல மிஷன் பள்ளிக்கூடத்துல நாலு வகுப்புதான் படிச்சேன். ஆனா வினாவிட புத்தகம் முழுக்க மனப்பாடம். இந்த பிரிக்பீல்ட்ஸ்ல எத்தன வருஷமா ஞாயித்துக்கிழம பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன்! கேள்வி வாயிலேருந்து வர்றதுக்குள்ள பதில் ரெடியா நிக்கும், பிள்ளைகளெல்லாம் எனக்குப் பதில் பெரியம்மான்னே பேரு வச்சிருந்துச்சுங்க. உன் அம்மா, என் தங்கச்சி, கிள்ளான்ல காய்ச்சல்ல போனப்ப உனக்கு நாலு வயசு. உன் அப்பன் அதுக்கும் முன்னாடியே போயிட்டான். உன்னத் தூக்கிட்டு ரயில்ல வரும்போது பெரியப்பாகிட்ட, "இவன நான் வேதத்துலயே வளப்பேன்"னேன். வளத்தேன். ஆறு வயசுல நீ ஒருநாள் வகுப்பு நடுவுல கைதூக்கிக் கேட்ட, "பெரியம்மா, பரலோகத்துல எங்க அம்மாவுக்கு யாரு தல பின்னி விடுவாங்க?" பிள்ளைகளெல்லாம் சிரிச்சிருச்சுங்க. நான், "அங்க அதெல்லாம் தேவப்படாது. அடுத்த கேள்வி"ன்னேன். அடுத்த கேள்வின்னேன் ராசா. அவ காய்ச்சல்ல கெடந்தப்ப சிக்கு விழுந்த தலய உன் பிஞ்சு விரலால நீ கோதி விட்டத நானே பாத்திருக்கேன். உன்ன மடியில தூக்கி வச்சு, "தெரியலடா கண்ணு"ன்னு சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? அன்னைக்கு அப்படிச் சொல்லிப் பழகியிருந்தா இன்னைக்கு இவ்வளவு கஷ்டமா இருக்காது. இந்த வயசுல அந்த ஒரு வார்த்தையப் புதுசாப் படிக்கிறேன்.

சரி, யாரு செஞ்ச பாவம்னு கேட்டியே, அதுக்கு வரேன். நீ அத எங்கேருந்து எடுத்தன்னு எனக்குத் தெரியும். உன்ன ஆஸ்பத்திரி லோரியில கூட்டிட்டுப் போனதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழம உபதேசியார் கேயாசி கதைய எடுத்தாரு. சீரியா படைத்தலைவன் நாகமான் குஷ்டம் குணமாகிப் போகும்போது, தீர்க்கதரிசியோட வேலக்காரன் பின்னால ஓடி, பொய் சொல்லிப் பொருள் வாங்கினான்ல, அந்த நாகமானோட குஷ்டம் இவனையும் இவன் சந்ததியையும் ஒட்டிக்கிச்சுன்னு. அந்தக் கதைய எனக்கே தலகீழாச் சொல்லத் தெரியும். ஆனா அன்னைக்குக் கேட்டப்பதான் அது நம்ம வீட்டு விலாசத்தோட வந்துச்சு. பெஞ்சுல எனக்கும் பெரியப்பாவுக்கும் ரெண்டு பக்கமும் ஆள் உக்காரல. யாரோ அத உனக்குப் போய்ச் சொல்லியிருக்காங்க. "நான் கேயாசி வம்சமா பெரியம்மா?"ன்னு எழுதியிருக்கியே, அந்த வரியில மட்டும் பேனா தாளையே கிழிச்சிருக்கு.

நான் சும்மா விடல. மறுநா காலையில சடக்குல நடந்து போன உபதேசியார ஓரமா நிறுத்திப் பிடிச்சேன். "ஐயா, பொறவிக் குருடனக் காட்டி, இது யாரு செஞ்ச பாவம், இவனா இவனப் பெத்தவங்களான்னு சீஷர் கேட்டப்ப, இவனும் இல்ல அவங்களும் இல்லன்னு ஆண்டவர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரும்மா."

"நேத்து அந்தப் பக்கத்துக்கு நீங்க வரவே இல்லையே?"

"அது குருடனப் பத்தின எடம்மா."

"கண்ணுக்கு ஒரு நியாயம், தோலுக்கு ஒரு நியாயமாய்யா?"

"ஒங்ககிட்ட பேசி நான் என்னைக்கு ஜெயிச்சேன்"னு குடைய விரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. மழயே இல்ல. அதனால இந்தக் கேள்விக்கு மட்டும் நான் ஒறப்பாச் சொல்லுவேன், கல்லுல வெட்டி வச்சுக்க: நீயும் இல்ல, உன் அம்மாவும் இல்ல, உன் அப்பனும் இல்ல. இது ஆண்டவர் வாயிலேருந்து வந்தது. கேயாசி செஞ்சதுக்கு கேயாசிக்கு வந்துச்சு. அத எடுத்து ஊர்ல உள்ளவன் மேலயெல்லாம் ஒட்ட எவனுக்கும் அதிகாரம் இல்ல. ஆனா ராசா, அந்த எடத்துல ஆண்டவர் அதோட நிறுத்தல. தேவனோட செயல் இவன்கிட்ட வெளிப்படணும்னுதான் இப்படின்னு சேத்துச் சொல்லுறாரு. அந்தக் குருடனுக்கு அன்னைக்கே கண்ணு தெரிஞ்சிருச்சு, செயல் வெளிப்பட்டிருச்சு. உன்கிட்ட என்ன செயல், எப்ப, எந்த விதத்துலன்னு கேட்டா எனக்குத் தெரியலடா கண்ணு. அரிசி பொடைக்கிறப்பவும் அதத்தான் கேக்குறேன். பதில் வரல. வந்தா முதல்ல உனக்குத்தான் எழுதுவேன்.

இனி நாகமான். இதச் சொல்லாம நான் எங்க சுத்தினாலும் அங்கதான் வந்து நிக்கணும். செந்தூல் ரயில் பட்டறையில நீ காச்சுன இரும்பக் கையில எடுத்து அப்படியே நின்னியாம். கை கருகுற வாசன வருதுன்னு பக்கத்துல நின்ன சீன மேஸ்திரி கத்தினதுக்கு அப்பறம்தான் கீழ போட்டியாம். அன்னைக்கு மருந்து கட்டின டிரெஸ்ஸர் உன் கையில குண்டூசியால குத்திக் குத்திப் பாத்தாரு, நீ ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த. உனக்குத் தெரியவே இல்ல. எனக்குத்தான் ஒவ்வொரு குத்தும் விழுந்துச்சு. என்னத் தனியாக் கூப்பிட்டு அந்த நோய் பேரச் சொன்னாரு. "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. மறைக்காதீங்க"ன்னாரு. நான் சரிங்கய்யான்னுட்டு வந்தேன். வந்து என்ன செஞ்சேன்? மூணு நாள் உபவாசம் இருந்தேன். ராஜாக்கள் புஸ்தகத்த எடுத்தேன். நாகமான் யோர்தான் ஆத்துல ஏழு தடவ முங்கிச் சொகமானான்னா என் பிள்ளைக்கும் அதேதான்னு முடிவு பண்ணினேன். அங்க ஒரு தேவன், இங்க ஒரு தேவனா?

நீ அப்பவே வளந்த ஆம்பள, மீசை வச்சவன். ஆனா என் மொகத்தப் பாத்து மறுப்பு சொல்லாம வந்த. விடியக் காலையில, கோட்டர்ஸுக்குப் பின்னால பாலத்தத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத எடமாப் பாத்து இறங்கினோம். ஈயச் சுரங்கத்து மண்ணு கரைஞ்சு வந்து தண்ணி அப்படியே பால் ஊத்தின கோப்பி. நீ கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அதப் பாத்த, என்னப் பாத்த. "பெரியம்மா, நாகமான் யோர்தானையே அழுக்குன்னு மூஞ்சியச் சுளிச்சானாமே. இந்தக் கிள்ளான் ஆத்தப் பாத்திருந்தா, குஷ்டமே இருக்கட்டும்னு ரதத்தத் திருப்பிக்கிட்டுப் போயிருப்பான்"ன. "வாய மூடிட்டு முங்குடா"ன்னேன். "அவனுக்குக் குதிர, ரதம், ஆளு அம்பு. எனக்கு ஒரு கைலியும் ஒரு பெரியம்மாவும்"னுட்டு எறங்கின. நான் கரையில வேதத்த நெஞ்சோட அணச்சுக்கிட்டு சத்தமா எண்ணினேன். ஏழு முழுக்கு. வீட்டுக்கு வந்து கையப் பாத்தேன். தேமல் அப்படியேதான் இருந்துச்சு. சாயந்தரம் பாத்தேன். மறுநா பாத்தேன்.

அதோட விட்டிருக்கணும். நான் விடல. பதினாலு மாசம் ராசா. முழுக்கைச் சட்ட தச்சுக் குடுத்தேன். கேட்டவங்ககிட்ட சும்மா தேமல்தான்னேன். வேப்பெண்ண, மஞ்சள், ஜெபம்பண்ணின தேங்காயெண்ண, எல்லாம் நீயே போட்டுக்கன்னு கிண்ணத்துல ஊத்தி வச்சேன். "பெரியம்மா, இந்த ரெண்டு விரலும் என்னோடது மாதிரியே இல்ல"ன்னு நீ சொல்லும்போதெல்லாம், "கர்த்தர் வேல செய்யுறாரு, அவசரப்படுத்தாத"ன்னு வாய அடச்சேன். பெரியப்பா ரெண்டு தடவ தொப்பிய எடுத்துக்கிட்டு உன்னக் கூட்டிட்டுப் போகக் கெளம்பினாரு. ரெண்டு தடவையும் நான் வாசல்ல நின்னு, "ஒங்களுக்கு விசுவாசம் இல்லயா?"ன்னேன். அந்த மனுஷன் தொப்பியத் திருப்பி ஆணியில மாட்டிட்டாரு. இனி சட்டைக்குள்ள மறைக்க முடியாதுன்னு ஆனப்பதான் ஆஸ்பத்திரி லோரி வந்துச்சு. அங்க உள்ள டாக்டர், சீக்கிரம் வந்திருந்தா கை இவ்வளவுக்கு ஆகியிருக்காதுன்னு அவர்கிட்ட சொல்லியிருக்காரு. அதப் பெரியப்பா என்கிட்ட ஒரே ஒரு தடவதான் சொன்னாரு. கொற சொல்லுற மாதிரிகூட சொல்லல, ரயில் எத்தன மணிக்குன்னு சொல்லுற மாதிரி சொன்னாரு. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

நீ கேக்குற, "நாகமான் வேற சாமி கும்பிட்டவன், அவனுக்கு ஆச்சு. நான் பொறந்த பத்தாம் நாளே ஞானஸ்நானம் வாங்கினவன், எனக்கு ஏன் ஆகல?"ன்னு. முத்தையா அண்ணனோட அந்த ஒரு வார்த்தக் கேள்வியும் இதுதான், வேற சட்ட போட்டிருக்கு, அவ்வளவே. இதுக்காக நாலு நாளா வேதத்தப் புரட்டினேன். ஒரு எடம் கெடச்சுது. கெடைக்காமலே இருந்திருக்கலாம். ஆண்டவர் சொந்த ஊர்ல ஜெப ஆலயத்துல நின்னு சொல்லுறாரு: எலிசா தீர்க்கதரிசி காலத்துல இஸ்ரவேல்லயே குஷ்டரோகிங்க எத்தனையோ பேரு இருந்தாங்க, ஆனா சீரியாக்காரன் நாகமானத் தவிர வேற ஒருத்தனும் சுத்தமாகலன்னு. இவ்வளவு வருஷமா அந்த எடத்தப் படிச்சிருக்கேன். அந்த "எத்தனையோ பேரு" என் கண்ணுல பட்டதே இல்ல. அவங்களுக்கும் வீடு இருந்திருக்கும்ல? அவங்களுக்கும் ஒரு பெரியம்மா அழுதிருப்பால்ல? அவங்களும் நம்பினவங்கதானே? அவங்கள்ல ஒருத்தர் பேரையும் வேதத்துல எழுதல. அதக் கேட்டு அந்த ஊர்க்காரங்க கோவப்பட்டு ஆண்டவரயே மலையிலேருந்து தள்ளப் போனாங்களாம். அத முன்னெல்லாம் பொல்லாத சனம்னு சொல்லிக் குடுப்பேன். இப்ப அவங்க கோவம் எனக்குக் கொஞ்சம் புரியுது, ஆண்டவர் மன்னிக்கட்டும். ஆக, வேதம் இதுக்குப் பதில் சொல்லல ராசா. இப்படித்தான் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுது, ஆண்டவருக்கே அது தெரிஞ்சிருந்துச்சுன்னும் சொல்லுது. அப்போஸ்தலர் பவுலும் ஒடம்புல குத்தின முள்ள எடுத்துப் போடச் சொல்லி மூணு தடவ கெஞ்சினாரு, எடுக்கல, என் கிருப போதும்னு மட்டும் பதில் வந்துச்சு. போதுமான்னு நீதான் சொல்லணும். உன் கைய வச்சுக்கிட்டு போதும்னு நான் சொல்லக் கூடாது.

முத்தையா அண்ணனோட நரகக் கேள்விக்கு, முன்ன இருந்த பெரியம்மாவா இருந்தா ஒரே மூச்சுல பதில் சொல்லி அவரு மொகத்துல அடிச்சிருப்பா. என்னப் பொறுத்தவரைக்கும் வழியும் சத்தியமும் ஆண்டவர்தான், அதுல எனக்கு மாத்தம் இல்ல. அந்தப் பக்கத்த நான் கிழிக்க மாட்டேன். ஆனா உன் போன கடுதாசியில என்ன எழுதியிருந்த? "சூடு தெரியாம கஞ்சியில விரல வச்சிருவேன்னு அண்ணன் முதல்ல தன் முழங்கைய வச்சுப் பாத்துட்டுத்தான் எனக்குக் குடுக்குறாரு"ன்னு. அவரு காலு புண்ணு, உன் காலக் கழுவுறாரு. பத்து குஷ்டரோகிங்க சுத்தமானப்ப திரும்பி வந்து நன்றி சொன்னது ஒரே ஒருத்தன், அவனும் சமாரியன், நம்ம ஆளு இல்ல. அத ஆண்டவரே எடுத்துச் சொல்லி ஆச்சரியப்பட்டாரு. முத்தையா அண்ணே, இதக் கேட்டுக்கிட்டிருந்தா ஒங்களுக்கும் சொல்லுறேன், தீர்ப்பு சொல்லுற நாற்காலியில நான் ரொம்ப வருஷம் உக்காந்திருந்தேன், அது என் நாற்காலி இல்லன்னு இப்பத்தான் எறங்குறேன். ஒங்களுக்காக ஜெபம் பண்ணுறேன், வேணாம்னாலும் பண்ணுவேன். மாரியாத்தாகிட்ட என் பிள்ளைக்காக நீங்க வேண்டிக்கிறீங்கன்னு இவன் எழுதினான். முன்னன்னா அதுக்குச் சண்டைக்கு வந்திருப்பேன். இப்ப ஒண்ணும் சொல்லத் தோணல.

கடைசிக் கேள்விய எழுதாமலே மடிச்சிரலாம்னு பாத்தேன். "நீங்க பதினாலு மாசம் காத்திருந்தது விசுவாசமா, வெக்கமா?" இத நீ எத்தன நாளா மனசுல வச்சிருந்தியோ. பெரியப்பா இதக் கேக்கல, உபதேசியார் கேக்கல, நானே என்னக் கேக்கல. ரெண்டும் இருந்துச்சுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். நெசமாவே ரெண்டும் இருந்துச்சு. ஆனா ராசா, வெறும் விசுவாசம்னா ஆள் இல்லாத எடமா ஏன் தேடினேன்? பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க எறக்கியிருப்பேனே. யாருக்கும் தெரியுறதுக்கு முன்னாடி சொகமாயிரணும், பதில் பெரியம்மா வீட்டுல இப்படியான்னு ஒருத்தி கேட்டுறக் கூடாது, அதுக்குத்தான் அந்த அவசரமும் அந்தத் தாமதமும். வெக்கம்தான். வெக்கத்துக்கு வசனம் உடுத்தி விட்டேன். ஆண்டவர் பேரச் சொல்லி நான் செஞ்சதுக்கு நீ ஆண்டவர வெறுத்துறாத. என்ன வெறு. அது நியாயம்.

இன்னொண்ணும் இருக்கு. நீ கேக்கல, ஆனா அதுக்காகத்தான் என்ன வர வேணாங்குறியோன்னு நெனைக்கிறேன். ஒரு குஷ்டரோகி ஆண்டவர்கிட்ட வந்து, ஒமக்கு மனசு இருந்தா என்னச் சுத்தமாக்க முடியும்னான். ஆண்டவர் முதல்ல என்ன செஞ்சாரு? கைய நீட்டி அவனத் தொட்டாரு. அவன் சுத்தமானது அதுக்கப்பறம்தான். புண்ணோட இருக்கும்போதே தொட்டாரு. பிள்ளைகளுக்கு இத நூறு தடவ சொல்லிக் குடுத்திருக்கேன். லோரி வந்த அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்? நீ ட்ரங்குப் பெட்டியோட வாசப்படியில நின்ன. என் பக்கம் ஒரு எட்டு வச்ச. நான் டிபன் கேரியர எடுத்து உன் கையில குடுக்காம தரையில வச்சேன். நகத்தி வச்சேன். "மீன் பொரிச்சிருக்கேன், வழியில சாப்பிடு"ன்னேன். நீ குனிஞ்சு, அந்த ரெண்டு விரலும் பிடிக்காம, மணிக்கட்டுல கொக்கி மாதிரி மாட்டித் தூக்கின. பெரியப்பாதான் வந்து உன் தோளப் பிடிச்சு லோரியில ஏத்தினாரு. டிரெஸ்ஸர் அந்த வார்த்தையச் சொன்ன நாள்லேருந்து, தெரிஞ்சோ தெரியாமலோ, நான் உன்னத் தொடவே இல்ல. சோறு மேலேருந்து போடுவேன். சட்டயக் கொடியில போட்டு எடுத்துக்கன்னுவேன். நீ கவனிச்சிருப்ப. கவனிக்காமலா இருப்ப?

சனிக்கிழம முதல் ரயில்ல வரேன். பதில் கைவசம் ஒண்ணுதான் இருக்கு, மீதியெல்லாம் தெரியலதான். அதனால வரக் கூடாதுன்னா, வராம இருக்கவும் எனக்குத் தெரியல. டேசன்லேருந்து நடந்து, கேட்டுக்கு இந்தப் பக்கம் நிப்பேன், மூடுற வரைக்கும் நிப்பேன். நீ வந்தா கைய நீட்டு. காவக்காரன் என்ன சொன்னாலும் சரி, ரோசம்மா அப்பறம் என்னைக்கும் புளி கேக்க வராட்டாலும் சரி, பிடிப்பேன். இப்பப் பிடிச்சு உனக்கு என்ன பிரயோசனம், அந்த விரலுக்கு என் கை தெரியவா போகுதுன்னு நீ நெனைக்கலாம். தெரியாதுதான். அதுதான் எனக்கு அழுகையா வருது. தெரியுற காலத்துல பிடிக்கல. நீ வரலன்னா பனியன முத்தையா அண்ணன்கிட்ட குடுத்துட்டுப் போறேன். ஒண்ணு அவருக்கு. அளவு தெரியாமத்தான் வாங்கினேன், பெருசா இருந்தா மடிச்சுப் போட்டுக்கச் சொல்லு.

கடுதாசிய மடிக்கப் போனேன், திருப்பிப் பிரிச்சிட்டேன். உன்னத் தொடவே இல்லன்னு மேல எழுதியிருக்கேன்ல, அத எழுதினப்பவே என்னமோ உறுத்திச்சு. இப்பத்தான் வருது. அன்னைக்கு ஆத்துல நான் எண்ணிக்கிட்டே வந்தேன். அஞ்சு ஆச்சு. ஆறாவது தடவ உள்ள போன நீ மேல வரல. வேணும்னேதான் மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்க, படுபாவி. வேதப்புத்தகத்தக் கரையில போட்டுட்டு, நீச்சல் தெரியாதவ, சேலையோட குதிச்சேன். உன் தலமயிரப் பிடிச்சு இழுத்து, மாரோட சேத்துக் கட்டிக்கிட்டு, ஐயோ ஐயோன்னு கத்தினேன். நீ வாயிலேருந்து தண்ணியத் துப்பிக்கிட்டு, "பயந்துட்டீங்களா பெரியம்மா?"ன்ன. முதுகுல நாலு வச்சேன். அப்பறம் எனக்கே சிரிப்பு வந்திருச்சு. ரெண்டு பேரும் சேத்துல உக்காந்து, உன் கை என் கைக்குள்ள இருக்க, வயிறு வலிக்கச் சிரிச்சோம். அதுக்குள்ள பட்டறச் சங்கு ஊதிருச்சு. நேரமாச்சுன்னு நீ ஈரக் கைலியோட வீட்டப் பாத்து ஓடின.

ஏழாவது முழுக்கு நீ முங்கவே இல்ல ராசா.